மீண்டும் மாணவியானார் மேரி வர்கீஸ்

வேலூர் என்றதும் பலருக்குக் கோட்டை நினைவுக்கு வரும். நோயுற்றவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்குமோ அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலுடன் அந்தப் பணியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை நாமெல்லாரும் அறிவோம். அவருடைய கல்லூரியில் பயின்ற மாணவி ஒருவரைப் பற்றி எழுதவே நாங்கள் இப்போது பேனாவை எடுத்திருக்கிறோம். அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அடுத்து என்ன படிக்கப் போகிறாய்? மாமாவும் கேட்கிறார், பக்கத்து வீட்டுப் பாட்டியும் கேட்கிறார். விண்ணப்பப் படிவத்தில் ஒரு பிரிவை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் அதோடு வாழ்க்கை முடிவாகிவிட்டது என்று நாங்கள் அஞ்சிக்கொண்டிருந்தோம். இந்த அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோது அந்த அச்சம் சற்றுக் குறைந்தது. ஏனெனில் அவர் ஒருமுறை விண்ணப்பித்து மருத்துவரானார். பிறகு முப்பது வயதைக் கடந்தபின், நடக்கவும் நிற்கவும் முடியாத நிலையில், மறுபடியும் மாணவியாக விண்ணப்பித்தார். இரண்டாவது விண்ணப்பம்தான் அவருடைய பெயரை இன்றுவரை நிலைக்கச் செய்தது.

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் கேரளத்தில் கொச்சிப் பகுதியில் பிறந்தார். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். எட்டுக் குழந்தைகளில் ஏழாமவர். தந்தையார் நிலபுலன்கள் உடையவர். ஊராரும் திருச்சபையாரும் மதித்த பெரியவர். செறாய் என்னும் ஊரிலுள்ள பள்ளியிலும், பின்னர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும் படித்துவிட்டு, 1946ஆம் ஆண்டில் மேரி வேலூர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஐடா அம்மையார் அந்த மருத்துவப் பள்ளியை 1918இல் பெண்களுக்காகவே தொடங்கினார். ஆண் மாணவர்கள் அங்கே சேர்க்கப்பட்டது 1947இல்தான்.

படிப்பு நன்றாகவே முடிந்தது. பட்டமும் கிடைத்தது. பெண்களுக்கான மருத்துவத்தில் சிறந்து விளங்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்நாளில் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்து உயிரைவிட்ட தாய்மார்கள் எத்தனையோ பேர். ஆகவே அந்த விருப்பம் நியாயமானதே.

1954ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். மேரியும் அவர்களுள் ஒருவர். வழியில் அந்த வண்டி விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் பலத்த காயம். அதைவிடக் கொடியது முதுகில் நேர்ந்தது. தண்டுவடம் சிதைந்துவிட்டது.

இதைப் பற்றிச் சிறிது விளக்கவேண்டும். கை எலும்பு முறிந்தால் மாக்கட்டுப் போட்டுச் சில வாரங்களில் கூடிவிடும். தண்டுவடம் அப்படியன்று. அது சிதைந்தால் திரும்ப ஒட்டுவதில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் போய்விடும், உணர்ச்சியும் போய்விடும். உணர்ச்சி போவதுதான் பெரிய ஆபத்து. நாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே அடிக்கடி புரண்டு உட்காருகிறோம். வலி நம்மை அசையச் சொல்கிறது. வலியே தெரியாதவர் ஒரே இடத்தில் கிடந்தால் அங்கே இரத்த ஓட்டம் நின்று தோல் அழுகிப் படுக்கைப் புண் உண்டாகிறது. சிறுநீர் கழிவதும் தெரியாது. அதனால் சிறுநீரகம் கெடுகிறது. இரண்டாம் உலகப்போர் வரையில் தண்டுவடம் சிதைந்தவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். பலரைக் கொன்றது அடிபட்ட காயமன்று. பின்னால் வந்த புண்ணும் சிறுநீரக நோயுமே. இவையெல்லாம் மேரிக்கு நன்றாகத் தெரியும். அவர் மருத்துவர் அல்லவா? தெரியாமல் இருந்திருந்தால்கூடச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அப்போது அவருக்கு வயது 28. திரும்ப நடப்பேன் என்ற நம்பிக்கையோடு சில காலமும், இனி நடக்கமாட்டேன் என்ற உண்மையோடு பல காலமும் அவர் படுக்கையில் போராடினார்.

நற்செய்தியில் முடக்குவாதக்காரன் ஒருவனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்குகிறார்களே, அந்தப் பகுதியை நாங்கள் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறோம். அவன் எழுந்து நடந்தான். மேரிக்காகவும் பலர் செபித்தார்கள். அவர் எழுந்து நடக்கவில்லை. செபம் வீணாயிற்றா என்று எங்களுக்குள் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. வீணாகவில்லை என்று சிலர், எங்களுக்குப் புரியவில்லை என்று சிலர். புரியவில்லை என்றவர்களே அதிகம். ஆனால் கட்டிலைத் தூக்கி வந்த அந்த நான்கு பேரைப் பற்றி நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை என்பது மட்டும் அன்று தெரிந்தது.

மேரியைத் தூக்கிவிட்ட கைகளில் முதன்மையானவை டாக்டர் பால் பிராண்ட் அவர்களுடையவை. இவர் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதியரின் மகன். 1946இல் வேலூருக்கு வந்தவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால் சூடுபட்டும் வெட்டுப்பட்டும் புண்ணாகித்தான் அழிகின்றன என்று எடுத்துக்காட்டியவர். அந்நோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் வேலை செய்யவைக்கும் முறையை வேலூரில் உருவாக்கியவரும் அவரே.

கையில் செய்யும் அறுவை சிகிச்சைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வயிற்றில் அறுவை செய்யவேண்டுமானால் மருத்துவர் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். கையை ஒரு சிறு மேசைமேல் நீட்டி வைத்துவிட்டால் மருத்துவர் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். நல்ல கால்களை உடைய மருத்துவர்களும் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். பிராண்ட் இதை மேரிக்கு எடுத்துச் சொன்னார். மேரியின் கால்கள்தாம் செயலற்றுப்போயின, கைகள் அல்ல. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி அறுவை சிகிச்சை அறைக்குள் சென்றார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்தும் அறுவை மருத்துவரானார். உறவினரும் ஒதுக்கிவைத்த நோயாளிகள், தங்களைப் போலவே உடல் குறைபட்ட ஒருவர் தங்கள் கையைப் பிடித்துச் சரிசெய்வதைக் கண்டார்கள்.

பல நூல்கள் இந்த இடத்தில் நிறுத்தி வியக்கின்றன. கதை இத்துடன் முடிந்திருந்தாலும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எங்களுக்கு இதற்குப் பின்னால் நடந்ததே பெரிதாகத் தோன்றுகிறது.

மடங்கிய விரலை நிமிர்த்துவதற்கு, வேறு வேலை செய்துகொண்டிருந்த நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து அந்த விரலில் பொருத்துவார்கள். மாக்கட்டைப் பிரித்த நாளில் அந்தக் கை உடனே வேலை செய்துவிடாது. விரலை மடக்கும் வேலையைப் பிறந்தது முதல் செய்து பழகிய தசை, இப்போது விரலை நிமிர்த்தும் வேலையைச் செய்யவேண்டும். மூளை அதைக் கற்றுக்கொள்ளவேண்டும். இதற்கு நாள்தோறும் பயிற்சி தேவை. பிசியோதெரபி வல்லுநர் தசையைப் பழக்குகிறார். அதன்பின் அந்தக் கையால் உணவைப் பிசைந்து உண்ணவும், பொத்தான் போடவும், இழைப்புளி பிடிக்கவும் கற்பிக்கவேண்டும். இதைத்தான் ஆக்குபேஷனல் தெரபி என்கிறார்கள். அன்றாட வேலைகளைக் கொண்டே மனிதனை அன்றாட வாழ்வுக்குத் திருப்புகிற மருத்துவம் இது. வலி தெரியாத கை சுத்தியலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதை உணராது; ஆகவே கைப்பிடியைத் தடிப்பாகவும் வழவழப்பாகவும் செய்து தரவேண்டும். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடக்கூடாது என்பதைப் பழக்கமாக்கவேண்டும். பிராண்ட் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் நோயாளிகள் தச்சு வேலை கற்று மரப் பொம்மைகள் செய்தார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது பொம்மைக்கடை. ஆனால் ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலும் ஒரு கை மறுபடியும் கற்றுக்கொண்ட பாடம் இருந்தது.

இந்தியாவில் இந்தப் படிப்பைக் கற்பிக்கும் முதல் பள்ளி 1950இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர் என்னும் அம்மையார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இந்தியாவுக்கு வந்தவர். நடுவயதில் திரும்பிப் போய் இந்தக் கலையைப் படித்து வந்தார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

கத்தியால் செய்யும் மருத்துவம் பாதிதான் என்பதை மேரி தினமும் கண்டார். கைகளுக்காவது இவ்வளவு ஏற்பாடு இருந்தது. தம்மைப் போல் தண்டுவடம் சிதைந்தவர்களுக்கு என்ன இருந்தது? பனைமரத்திலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், வண்டி கவிழ்ந்து அடிபட்டவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். உயிரைக் காப்பாற்றலாம். அதன்பின் வீட்டுக்கு அனுப்பினால், திண்ணையோரத்தில் கிடந்து படுக்கைப் புண்ணால் சாவதே பெரும்பாலோரின் கதியாக இருந்தது. மேரிக்கு மருத்துவக் கல்லூரியின் துணை இருந்தது. அவர்களுக்கு அது இல்லை.

பின்னர் மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். மருத்துவராக அல்ல, நோயாளியாக. அங்கே தண்டுவடம் சிதைந்தவர்களுக்கென்றே முறையான பயிற்சி அளிக்கும் மறுவாழ்வு மருத்துவமனை இருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கைகளை ஊன்றி உடலை அடிக்கடி தூக்கிப் புண் வராமல் காப்பது, பிறர் உதவியின்றி உடுத்துவது, குளிப்பது என்று எல்லாவற்றையும் அடியிலிருந்து கற்பிக்கும் இடம் அது. எல்லாருக்கும் பாடம் ஒன்றுதான். பிறரை அழைக்காமல் இந்த நாளைக் கழிக்க முடியுமா என்பதே கேள்வி. குழந்தையாக இருந்தபோது அம்மா நமக்குக் கற்றுத் தந்தவற்றை முப்பது வயதில் மறுபடி கற்பது எளிதன்று. அதிலும் ஒரு மருத்துவருக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்!

அங்கே கற்றதை வேலூரில் கற்பிக்க ஆளில்லை என்பதை மேரி உணர்ந்தார். தாம் கற்பிக்கவேண்டுமானால் நோயாளியாகக் கற்றது மட்டும் போதாது. மருத்துவராக முறைப்படி படிக்கவேண்டும். அந்தப் படிப்புக்குப் பேர்பெற்ற இடம் நியூயார்க். டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பவர், உலகப்போரில் காயமுற்ற விமானப்படை வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தைக் கொண்டு, அங்கே மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவியிருந்தார். உடல் காயத்தை மட்டும் பார்க்காமல், அந்த மனிதனின் மனம், வேலை, குடும்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே அவர் வகுத்த வழி. பிற நாட்டு மருத்துவர்கள் அங்கே வந்து கற்பதற்கென்று 1955இல் உலக மறுவாழ்வு நிதியம் என்ற அமைப்பையும் அவர் ஏற்படுத்தினார். அதன் உதவித்தொகைக்கு மேரி விண்ணப்பித்தார்.

இந்த விண்ணப்பத்தைப் பற்றி நாங்கள் நெடுநேரம் பேசினோம். நாங்கள் நிரப்பிய படிவங்களில் உடற்குறை உண்டா என்றொரு கேள்வி இருக்கும். இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அந்தக் கேள்விக்கு விடை எழுதும்போது கை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்ததே இல்லை. எந்தப் படிப்புக்கும் தடையாக நிற்கக்கூடிய அந்தக் குறை, இந்த ஒரு படிப்புக்கு மட்டும் தகுதியாக மாறியது. சக்கர நாற்காலியைப் பற்றிப் படிக்க வந்த மற்ற மருத்துவர்கள் அதை வெளியிலிருந்து பார்த்தவர்கள். இவர் அதில் உட்கார்ந்து பார்த்தவர். எந்த வாசற்படி எத்தனை அங்குலம் உயரமானால் தாண்ட முடியாது என்பதை அவருக்கு எந்த நூலும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால் அவர் விட்டுக்கொடுத்ததையும் மறக்கக்கூடாது. பெரும் போராட்டத்துக்குப் பின் கைக்கு வந்த அறுவை மருத்துவர் என்ற பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் வரிசையில் மறுபடியும் மாணவியாக உட்காரவேண்டும். தம்மைவிட இளையவர்களோடு படிக்கவேண்டும். அன்றைய இந்தியாவில் பலரும் கேள்விப்பட்டிராத ஒரு துறைக்குப் போகவேண்டும். எங்களில் ஒருத்தி, கிடைத்ததை விட்டுப் போவது முட்டாள்தனம் அல்லவா என்று கேட்டாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

உதவித்தொகை கிடைத்தது. மேரி நியூயார்க் சென்றார். அங்கே மருத்துவர், செவிலியர், பிசியோதெரபி வல்லுநர், ஆக்குபேஷனல் தெரபி வல்லுநர், மனநல வல்லுநர், சமூகப் பணியாளர், தொழிற்பயிற்சி தருகிறவர் எல்லாரும் ஒரே நோயாளியைச் சுற்றி அமர்ந்து கலந்து பேசுவார்கள். மருத்துவர் ஆணையிட மற்றவர்கள் தலையசைப்பது என்ற வழக்கம் அந்தத் துறைக்கு ஒத்துவராது. நோயாளியால் சட்டை போட முடிகிறதா என்பதை மருத்துவரைவிட ஆக்குபேஷனல் தெரபி வல்லுநரே நன்றாக அறிவார். மேரி அங்கே சில ஆண்டுகள் பயின்றார். வசதிகள் நிறைந்த அந்நாட்டிலேயே தங்கிவிடாமல் பயிற்சியை முடித்துக்கொண்டு வேலூருக்கே திரும்பினார்.

1963ஆம் ஆண்டில் வேலூர் மருத்துவக் கல்லூரியின் உடலியல் மருத்துவ மறுவாழ்வுத் துறைக்கு அவர் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் அங்கேயே தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய நிலையங்களில் இந்தியாவில் இதுவே முதலாவது.

நியூயார்க்கில் கற்றதை அப்படியே பாகாயத்தில் நடத்த முடியாது. அங்கே மேசைமேல் அடுப்பு, நாற்காலியில் உணவு, வழவழப்பான சாலை. நம் கிராமத்திலோ தரையில் சமையல், தரையில் படுக்கை, வாசலில் உயரமான படி, தெருவெல்லாம் மணல். வீட்டில் கழிப்பறையே இல்லாத காலம் அது. அங்கிருந்து வந்த உழவரை அங்கேயே திருப்பி அனுப்பவேண்டும். ஆகவே இங்கே பயிற்சி என்பது தரையில் நகர்ந்து வேலை செய்வதையும், தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவதையும் சேர்த்துத்தான். மரம் ஏறிப் பிழைத்தவர் இனி ஏற முடியாது. உட்கார்ந்து செய்யும் தொழில் எது, அதை அவருடைய ஊரில் வாங்குவார் உண்டா என்பதெல்லாம் மருந்துச் சீட்டைப்போலவே முக்கியமான கேள்விகள்.

புதிதாக அடிபட்டு வந்தவர், இனி நான் எதற்கு உயிரோடு இருக்கவேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பார். வழக்கமாக மருத்துவர்கள் கட்டிலருகே நின்று மேலிருந்து பேசுவார்கள். இங்கே சக்கரம் உருளும் ஓசை கேட்கும். திரும்பிப் பார்த்தால் தம் கண்ணுக்கு நேராக, தம்மைப் போலவே கால் செயலற்ற ஒருவர், கன்னத்தில் தழும்போடு உட்கார்ந்திருப்பார். அவர்தான் பெரிய டாக்டர் என்று செவிலியர் சொல்வார்கள். அதற்குமேல் அறிவுரை எதற்கு என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு அதற்கு முன்பே வெளிவந்து பல நாடுகளில் படிக்கப்பட்டது. விபத்துக்குப் பின் சில ஆண்டுகளே வாழ்வார் என்று எண்ணத்தக்க உடலோடு அவர் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகள் நோவில்லாத ஆண்டுகள் அல்ல. 1986ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

இன்று வேலூரிலேயே ஆக்குபேஷனல் தெரபியில் பட்டப்படிப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்றபின் நாட்டின் பல இடங்களில் மேற்படிப்பும் படிக்கலாம். எங்கள் வகுப்பில் இதைக் கேட்டு இரண்டு பேர் அந்தப் பெயரைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு இன்னும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வரவில்லை.

பாகாயத்து நிலையத்தில் ஆண்டுதோறும் ரீஹாப் மேளா என்று ஒரு விழா நடக்கிறது. முன்பு அங்கே பயிற்சி பெற்று ஊருக்குத் திரும்பியவர்கள் சக்கர நாற்காலிகளில் ஒன்றுகூடுகிறார்கள். உடலைப் பரிசோதித்துக்கொள்கிறார்கள், பழைய நண்பர்களைப் பார்க்கிறார்கள். விளையாட்டுப் போட்டிகளும் உண்டு. பந்தயம் முடிந்து புழுதி அடங்குவதற்குள் அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க நாற்காலிகள் வரிசையில் வந்து நிற்கின்றன.